பங்காளியும் ஆகாது, சம்பந்தியும் ஆகாது

என் வீட்டுக் கூடத்தில் நான்கடி நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. அதற்குள் நடந்த நிலத் தகராறுகளுக்கு அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. வெளியே நடந்தவற்றுக்குக் கொடுத்தது. தஞ்சாவூர் தாலுகாவில் நான் நில அளவையராக இருந்தேன். சங்கிலியோடு வயல் வயலாகப் போவேன். அண்ணன் வரப்பை ஒரு சாண் அரித்துவிட்டான் என்று தம்பி மனுக் கொடுத்திருப்பான். தலைமுறையாக உழுதவன் நான், நிலம் எனக்குத்தான் என்று குத்தகைக்காரர் நிற்பார். மிராசுதாரரின் பேரன் சென்னையிலிருந்து கறுப்புக் கண்ணாடியோடு வந்து இறங்கி, இதில் எது என் வயல் என்று என்னையே கேட்பான். ஆட்சி மாறும்போதெல்லாம் ஆபீஸ் சுவரில் படம் மாறும். ஆணி மாறாது. மனுக்களும் மாறாது.

நாளெல்லாம் இப்படிச் சண்டை பார்த்த மனுஷன், சாயந்திரம் வீட்டுக்கு வந்து நிம்மதியாக நாலு மீனைப் பார்க்கலாம் என்று நினைத்ததில் தப்பில்லை. எந்த மீன் என்பதில்தான் தப்பு.

பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பாய் வண்ணமீன் கடை வைத்திருந்தார். அதிராம்பட்டினத்துக்காரர். துபாயில் ஒரு பெரிய ஓட்டலின் மீன் தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் பல வருஷம் இருந்துவிட்டு, இனிமேல் இந்தப் பக்கம்தான் என்று திரும்பி வந்தவர். வயது என் வயதுதான். வாய் மட்டும் என்னைவிட இளமை.

நான் தங்கமீன் கேட்டேன். அவர் முகத்தைச் சுளித்தார்.

"தங்கமீனா? அது தட்டுல வெச்ச ஜாங்கிரி மாதிரி சார். சும்மா கெடக்கும். உங்கள மாதிரி ஆபீசருக்கு நான் வேற காட்டறேன்."

ஆபீசர் என்ற சொல்லில் விழுந்தேன். எங்கள் ஆபீசில் பியூன்கூட என்னை அப்படிச் சொன்னதில்லை. பாய் ஒரு தொட்டியின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். உள்ளே விரல் நீளத்தில் நீலமும் மஞ்சளுமாக மீன்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன. ஆப்பிரிக்காவில் மலாவி என்று ஒரு ஏரி, அங்கே பாறைக்குப் பாறை ஒரு வகை, சிக்லிட் என்று பெயர், இதெல்லாம் சென்னைப் பக்கம் குஞ்சு பொரித்து வருவது என்று விளக்கினார். ஒரு நீல மீன் என்னைப் பார்த்து வாயைத் திறந்து மூடியது. மேலதிகாரி ஒருவர் என்னிடம் பேச வருவதுபோல இருந்தது.

"இதுல ரெண்டு நீலம் குடுங்க பாய். ஜோடியா இருந்தா நல்லா இருக்கும்."

பாய் என்னை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். வலையை எடுத்து இரண்டைப் பிடித்துக் கொடுத்தார்.

முதலில் தண்ணீரில் சறுக்கினேன். அந்த வருஷம் மேட்டூர் திறப்பதே சந்தேகமாக இருந்து, ஊரெல்லாம் வானத்தையும் பத்திரிகையையும் மாறி மாறிப் பார்த்து, கடைசியில் ஒருவழியாகத் தண்ணீர் வந்திருந்தது. அந்தத் தண்ணீருக்காக விவசாயிகள் மறியல் செய்து போலீஸ் வேனில் ஏறியிருந்தார்கள். அப்பேர்ப்பட்ட தண்ணீர் இருக்கும்போது வீட்டுப் போர் தண்ணீரை மீனுக்கு ஊற்றுவதா? எங்கள் போர் தண்ணீரில் பருப்பு வேகாது. குடத்தில் வெள்ளைப் பொருக்குக் கட்டும். கண்டம் விட்டுக் கண்டம் வந்திருக்கும் விருந்தாளிக்கு அதைக் கொடுக்க மனம் வரவில்லை. சைக்கிளில் குடங்களைக் கட்டிக்கொண்டு ஆற்றுக்கும் வீட்டுக்குமாக நடந்தேன். தெருவில் கேட்டவர்களிடம், "காவிரித் தண்ணி" என்று மட்டும் சொன்னேன். கோயில் காரியம் என்று நினைத்து ஒருவர் ஒதுங்கி வழிவிட்டார்.

ஒரு வாரத்தில் இரண்டு மீன்களும் வெளுத்து, துடுப்பை ஒடுக்கிக்கொண்டு, அடியில் உட்கார்ந்துவிட்டன. பாயிடம் ஓடினேன்.

"என்ன தண்ணி ஊத்துனீங்க?"

"காவிரி" என்றேன். குரலில் கொஞ்சம் பெருமை இருந்திருக்கும்.

"யா அல்லாஹ்! சார், காவிரி உங்களுக்குத்தான் காவிரி. அதுங்க ஏரி பாறைக்குள்ள இருக்கிற ஏரி. கல்லுத் தண்ணி வேணும். உங்க வீட்டு போர்ல பருப்பு வேகுமா?"

"வேகாது."

"அப்ப அதான். அதையே ஊத்துங்க."

வீட்டில் சொன்னேன். மனைவி பள்ளிக்கூடத்து நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். சிவப்பு மைப் பேனாவைக் கீழே வைக்காமலே, "நல்ல தண்ணி ஆகாதாமா? அப்படியே உங்க குணம்" என்றாள். ஆற்றுத் தண்ணீரைச் செடிக்குக் கொட்டிவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகப் போர் தண்ணீரைச் சேர்த்தேன். மீன்கள் எழுந்துவிட்டன. நிறம் திரும்பியது, பசி திரும்பியது. கூடவே சுபாவமும் திரும்பியது. பத்து நாளில் ஒரு நீலம் தொட்டி முழுவதையும் தன் பேருக்கு எழுதிக்கொண்டது. இன்னொன்று ஒரு மூலையில், காற்றுக் குழாய்க்குப் பின்னால், வால் கிழிந்து, செங்குத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தது. சாப்பாட்டுக்குத் தலையை நீட்டினால் அடி. மறுபடி பாய் கடை.

"ரெண்டும் ஒரே நிறமா? பின்ன அடிச்சிக்காதா?"

"நீங்கதானே பாய் குடுத்தீங்க?"

"நீங்கதானே சார் கேட்டீங்க? ஜோடியா நல்லா இருக்கும்னீங்க. வாங்க வந்தவர எதுக்கு மனசு நோகடிக்கணும்னு வுட்டுட்டேன்." கொஞ்சமும் கூச்சமில்லாமல் சிரித்தார். "ஒரே நிறம், ஒரே உடம்பு, ரெண்டும் ஆம்பள. பங்காளி சார். பங்காளிங்கள ஒரே கொல்லையில விட்டா என்ன ஆவும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?"

சொல்ல வேண்டியதில்லைதான். அன்று காலைகூட ஒரு தென்னை மரம் யார் பக்கம் என்று பார்க்க, சொந்தத் தம்பியின் மண்டையை உடைத்தவர் வீட்டில் மோர் குடித்துவிட்டு வந்திருந்தேன்.

"சரி, அப்ப வேற வேற நிறமா எடுத்துக்கறேன். அதே மாதிரி உடம்பு, நிறம் மட்டும் வேற."

"அது அடிச்சிக்காது. கட்டிக்கும்."

"நல்லதுதானே?"

"எங்கேர்ந்து நல்லது? பொறக்கறது அப்பன் மாதிரியும் இருக்காது, ஆத்தா மாதிரியும் இருக்காது. ஒரு மாதிரி கலங்கல் நிறம். சந்தையில அதுக்குப் பேரே கெடையாது. ஒரு தொட்டியில சேக்கணும்னா நிறமும் ஒண்ணா இருக்கக்கூடாது, உடம்பும் ஒண்ணா இருக்கக்கூடாது. ஆனா தண்ணியும் தீனியும் ஒண்ணா இருக்கணும். ஒருத்தன் ரவுடியா இருந்தா இன்னொருத்தன் சாதுவா இருக்கக்கூடாது."

இதை வீட்டில் வந்து ஒப்பித்தபோது மனைவி யோசித்துப் பார்த்துச் சுருக்கிச் சொன்னாள். "அதாவது பங்காளியும் ஆகாது, சம்பந்தியும் ஆகாது. ஒட்டும் இல்லாம உறவும் இல்லாம இருக்கறவங்களாப் பாத்துத்தான் ஒரே வீட்ல வைக்கணும்." நோட்டை மூடினாள். "வாடகை வீடு மாதிரி."

அந்தக் கணக்குப்படித் தேர்ந்தெடுத்தேன். நீலங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் சாதுவான எலுமிச்சை மஞ்சள் மீன்கள் ஒரு கூட்டம் வாங்கினேன். கூட்டமாக இருந்தால் அடி ஒருவன்மேலேயே விழாமல் பங்கு பிரிந்துவிடும் என்பது பாயின் கணக்கு. அவற்றோடு வேறு வம்சத்திலிருந்து ஒரே ஒரு ஆண். பீகாக் என்று வியாபாரிகள் சொல்லும் மயில் வகை, செங்கல் சூளையிலிருந்து அப்போதுதான் எடுத்ததுபோல ஒரு சிவப்பு. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் அவனைத்தான் பார்த்தார்கள். நானும் அவனைத்தான் காட்டினேன். பெற்ற பிள்ளையைக் காட்டுவதுபோல என்று மனைவி சொன்னாள். எங்கள் பிள்ளை அப்போது ஆஸ்டலில் இருந்து படித்துக்கொண்டிருந்தான். அவனை நான் யாரிடமும் அவ்வளவாகக் காட்டியதில்லை, மார்க் அப்படி.

புதிதாக மீன் விடும்போது உள்ளே இருக்கும் பாறைகளை எல்லாம் கலைத்து மாற்றி அடுக்க வேண்டும் என்றும் பாய் சொல்லியிருந்தார். அப்போது பழைய மீன்களின் எல்லை எல்லாம் அழிந்து, பழையவனும் புதியவனும் ஒன்றாக ஆரம்பிப்பார்களாம். எந்த ஆட்சியாலும் ஒழுங்காகச் செய்ய முடியாத நிலச் சீர்திருத்தத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சட்டைக் கையை மடித்துக்கொண்டு செய்தேன். எல்லோர் பட்டாவும் ரத்து. திங்கட்கிழமை பார்த்தால், இருப்பதிலேயே நல்ல குகையில் சிவப்பன் உட்கார்ந்திருந்தான்.

இருந்தாலும் பெரிய அடிதடி இல்லை. ஓராண்டு போல அமைதி.

பாய்க்குத்தான் அமைதி போயிற்று. அவர் கடை இருந்த கட்டடம் இரண்டு அண்ணன் தம்பிகளுக்குப் பொதுவானது. பாகப் பிரிவினை வழக்கு பல வருஷமாக நடந்து, ஒருநாள் பைசலாகி, கடையைக் காலி செய்யச் சொல்லி கோர்ட் அமீனா வந்துவிட்டார். ஒரு சாயந்திரம் பாய் என் வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தினார். காலுக்கிடையில் ஒரு தெர்மாகோல் பெட்டி.

"மத்ததெல்லாம் கெடச்சதுக்குத் தள்ளிட்டேன் சார். இந்த ஒரு குடும்பம் மட்டும் குடுக்க மனசு வரலை."

பெட்டிக்குள் பையில் ஒரு நீலமயில் ஆண், அதனோடு ஆறு பெண்கள். ஆண் அந்தி வானம் மாதிரி இருந்தான். பெண்கள் சாம்பல் பூசினதுபோல. பாய் உட்காராமலே பேசினார்.

"சென்னையில ஒரு வியாபாரி. அசல் குஞ்சா குடுத்தா மாசா மாசம் எடுத்துக்கறேன்னு சொல்லியிருக்காரு. அது அமைஞ்சா ஏதாவது ஒரு இடம் புடிச்சு ஒக்காந்துருவேன். அமையலேன்னா துபாய்தான். பழைய ஓட்டல்லேர்ந்தே கூப்புடறாங்க. பெருநாள் முடிஞ்சதும் பாஸ்போர்ட்டக் குடுக்கணும்னு ஏஜண்டு நிக்கிறான்."

"போக இஷ்டம் இல்லையா பாய்?"

"போன தடவை லீவுல வந்தப்ப எம்பொண்ணு கதவத் தொறந்து, என்னப் பாத்துட்டு, உள்ள திரும்பி, 'உம்மா, யாரோ மாமா வந்திருக்காங்க'ன்னுச்சு." சிரித்தபடிதான் சொன்னார். பெட்டி மூடியைச் சரியாக மூடினார், அது ஏற்கெனவே சரியாகத்தான் மூடியிருந்தது. "இடம் கெடைக்கிற வரைக்கும் உங்க தொட்டியில இருக்கட்டும் சார். மஞ்சளுங்க ஒண்ணும் பண்ணாது. சிவப்பன மட்டும் வெளிய எடுத்துருங்க."

"சிவப்பனையா? நிறம்தான் வேறயாச்சே?"

"அதான் ஆபத்து. உடம்பு ஒண்ணு. இவனுக்கு அதுங்க மொறப்பொண்ணு மாதிரி. ஒரு குஞ்சு கலந்தாலும் அந்த ஆள் எடுக்கமாட்டாரு."

சிவப்பனை எங்கே கொண்டுபோய் விடுவது? வீட்டில் வேறு தொட்டி கிடையாது. அதைவிட, அவன் இல்லாத கூடத்தை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"நடுவுல தடுப்புப் போட்டுடறேன். எல்லை போடறது இருபது வருஷமா என் தொழில் பாய். நான் போட்ட எல்லைய இதுவரைக்கும் ஒருத்தனும் தாண்டினதில்ல."

இது பொய். தாண்டாத எல்லை ஒன்றைக்கூட எனக்கு ஞாபகமில்லை. பாய் தயங்கினார். ஆனால் கேட்க வந்த இடத்தில் எவ்வளவுதான் பேச முடியும்? சரி சார் என்றார்.

ஜன்னலுக்கு அடிக்கும் நைலான் வலையைப் பிளாஸ்டிக் குழாய்ச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, தொட்டியின் நடுவே இறக்கி, அடியைச் சரளை மணலில் புதைத்தேன். நூல் பிடித்துப் பார்த்தேன். இம்மி பிசகில்லை. ஒரு பக்கம் பாயின் குடும்பமும் மஞ்சள்களும், மறு பக்கம் சிவப்பன். மனைவி இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் பார்த்ததற்குக் காரணம் இருந்தது. எங்களுடையது சுயமரியாதைத் திருமணம், அதிலும் கலப்பு மணம். கறுப்பு சிவப்புத் தோரணத்தின் கீழே மாலை மாற்றிக்கொண்டோம். வாழ்த்த வந்த கட்சிப் பேச்சாளர் சாதி ஒழிப்பைப் பற்றிப் பேசிய பேச்சில் பாயசம் ஆறி ஆடை கட்டிவிட்டது. திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து அவள் வீட்டார் பல வருஷம் எங்கள் வாசல் மிதிக்கவில்லை. அவள் பங்குக்கு வர வேண்டிய நிலத்தில் ஒரு குழிகூட வரவில்லை. தெருமுனைக் கூட்டங்களில் நானும் இரண்டு மூன்று தடவை இதைப் பெருமையாகச் சொல்லிக் கைத்தட்டல் வாங்கியிருக்கிறேன்.

"ஊருக்கெல்லாம் கலப்பு மணம். மீனுக்கு மட்டும் சாதிக் கட்டுப்பாடா?"

"இது வியாபாரம்."

"எங்க அண்ணனும் இதத்தான் சொன்னாரு. கௌரவம்னாரு, அவ்வளவுதான் வித்தியாசம்." வலையை விரலால் தட்டினாள். "பாவம், அந்தப் பக்கமே பாத்துட்டு நிக்கிறான்."

நின்றான்தான். நாளெல்லாம் வலையில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றான். நான் அதைக் கவனிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். எல்லை உறுதியாக இருக்கிறது என்பதற்கு அத்தாட்சியாக எடுத்துக்கொண்டேன்.

நோன்பு தொடங்கி இரண்டு மூன்று நாள் ஆகியிருக்கும். திருவையாற்றுப் பக்கம் ஓர் அளவை. வழக்கமான அண்ணன் தம்பிதான். வரப்பின் தலை ஓர் அங்குலம்கூட நகரவில்லை என்று அண்ணன் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்ய, தம்பி என்னைக் குனியச் சொல்லி வரப்பின் அடியைக் காட்டினான். மேலே தொடாமல், உழும்போது உழும்போது அடியில் மண்வெட்டியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவியிருந்தார் அண்ணன். ஒரு மழை பெய்தால் மேலே இருப்பது தானாகச் சரிந்துவிடும். கூடியிருந்தவர்களுக்கு நான் ஒரு சிறு பிரசங்கமே செய்தேன். இந்தப் பகுதியில் வரப்பை யாரும் மேலே வெட்ட மாட்டார்கள், அடியில்தான் சீவுவார்கள், இது தெரியாதவன் எல்லாம் சங்கிலியைத் தொடவே கூடாது என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். இளநீர்கூட வெட்டிக் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து சைக்கிளை நிறுத்துவதற்குள் மனைவி வாசலுக்கு வந்துவிட்டாள்.

"உங்க சிவப்பன் அந்தப் பக்கம் நிக்கிறான்."

தடுப்பு நூல் பிடித்தபடி அப்படியே நின்றிருந்தது. அதன் அடியில், என் கை நுழையும் அளவுக்குச் சரளை தோண்டப்பட்டு ஒரு பள்ளம். வாய் வாயாக அள்ளி அந்தப் பக்கம் குவித்திருந்தான். திருவையாற்றில் நான் செய்த பிரசங்கத்தை இவன் வீட்டிலிருந்தே கேட்டிருப்பான் போல.

அவனைப் பிடித்து நெல் ஊறவைக்கும் அண்டாவில் போட்டுவிட்டுத் தொட்டியைப் பார்த்தேன். பெண்களில் ஒன்று கூட்டத்தை விட்டு விலகி நின்றது. தீனி போட்டேன், வரவில்லை. தொண்டை தடித்திருந்தது. இந்த வகையில் பெண் முட்டைகளை வாய்க்குள் அள்ளிக்கொண்டு, குஞ்சு பொரிந்து நீந்தும்வரை மூன்று வாரம் போலச் சாப்பிடாமல் சுமக்கும். சுமக்கத் தொடங்கிவிட்டது. யாருடையதை?

சட்டைகூட மாற்றாமல் பாயைத் தேடிப் போனேன். கடை போனபின் அவர், குடும்பம் அதிராம்பட்டினத்தில் இருக்க, ஒரு நண்பரின் சைக்கிள் கடை மாடியில் தங்கியிருந்தார். நோன்பு திறந்து கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தவர், என் முகத்தைப் பார்த்ததும் கிண்ணத்தைக் கீழே வைத்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். எழுந்து செருப்பைத் தேடினார்.

தொட்டியின் முன்னால் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு விசாரணை ஆரம்பமானது. விசாரிக்கப்பட்டது நானில்லை, என் மனைவி. பள்ளிக்கூடம் கோடை லீவில் இருந்ததால் அந்த வாரம் மீன்களோடு இருந்தவள் அவள்தான்.

"அக்கா, இவ எப்பலேர்ந்து சாப்புடல?"

"நேத்து காலையில தீனி போட்டப்ப எல்லாம் வந்துச்சு. எண்ணிப் பாக்கல தம்பி."

"சிவப்பன எப்பப் பாத்தீங்க?"

"இன்னைக்கு மத்தியானம். ஆனா அவன் எப்ப வந்தான்னு தெரியலையே. ராத்திரியே வந்திருக்கலாம்."

"அப்ப நீலன் எங்க இருந்தான்?"

"பாறைக்குப் பின்னால."

"பயந்தா, இல்ல சும்மாவா?"

"இவர மாதிரி இருந்தான்" என்றாள் என்னைக் காட்டி. "பயந்து, ஆனா சும்மா இருக்கற மாதிரி."

பாய் முதல்முறையாகச் சிரித்தார். சிரித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். மற்ற ஐந்து பெண்களும் சுத்தம், அதில் சந்தேகமில்லை. ஆனால் பெருநாளுக்கு முன்னால் வியாபாரி வருவதாக இருந்தார். அதற்குள் தயாராகக்கூடிய குஞ்சுகள் இந்த ஒருத்தி வாயில் இருப்பவை மட்டும்தான். அவற்றின் தகப்பன் யார் என்பது, அவை வளர்ந்து ஆண்களுக்கு நிறம் ஏறும்போதுதான் தெரியும். அதற்குப் பல மாதம் ஆகும். அதுவரை எல்லாமே சாம்பல்.

சிவப்பனை மறுநாளே பல் டாக்டர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். அவர் ஆஸ்பத்திரியில் நோயாளிகள் காத்திருக்கும் இடத்தில் ஒரு காலித் தொட்டி இருந்தது. தனியாகத்தான் விடவேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். திரும்பி வரும்போது ஸ்கூட்டர் ஓட்டிய பாய் ஏதாவது பேசுவார் என்று பார்த்தேன். பெரிய கோயிலைத் தாண்டும்போது, "நல்ல மீன் சார் அவன்" என்றார். அவ்வளவுதான்.

குஞ்சுகள் வந்தன. கண்ணும் வாலுமாக, கொசுவைவிடக் கொஞ்சம் பெரிதாக, தாயின் வாயிலிருந்து ஒரு கொத்தாக வெளியே வந்து, நிழல் பட்டால் மறுபடி உள்ளே ஓடின. நானும் மனைவியும் டீயை ஆறவிட்டுப் பார்த்தோம். குஞ்சுகள் தனியே நிற்கத் தொடங்கியதும் பாய் அவற்றை ஒரு டப்பில் பிரித்து வைத்தார்.

வியாபாரி வருவதற்கு முதல்நாள் நான் மெதுவாக ஆரம்பித்தேன்.

"பாய், எல்லாமே சாம்பல். யாருக்குத் தெரியப் போவுது? பாதிக்குப் பாதி அசலா இருக்கவும் வாய்ப்பு உண்டு."

"உண்டு சார்."

"நிறம் வர்றதுக்குள்ள ரெண்டாவது, மூணாவது ஈட்டுக் குஞ்சுங்களக் குடுத்துடுவீங்க. கடையும் வந்துடும். பொண்ணுக்கும்..."

"சார்" என்றார். "நீங்க கல்லு நடறப்ப ஒரு சாண் தள்ளி நட்டா யாருக்குத் தெரியும்? ஏன் நடறதில்ல?"

"நட்டா அந்த ரெண்டு பேரும் சேந்து என்ன நட்டுருவாங்க."

"ஆங்! எனக்கும் அதே பயம்தான்னு வெச்சிக்குங்களேன்."

வியாபாரி வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு சிறு டார்ச். நாற்காலி போட்டும் உட்காராமல் டார்ச்சை அடித்து நீல ஆணைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார், டப்பைப் பார்த்தார். "சுத்தமா இருக்கே. போட்டுக் கட்டிடலாமா?" என்றார். கொண்டு வந்திருந்த பைகளை உதறினார். நான் சுவர்க் காலண்டரில் தேதி பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, ஒரு நிமிஷம்" என்றார் பாய். "இந்த ஈட்டுல சந்தேகம் இருக்கு. பக்கத்துல ஒரு சிவப்பு இருந்தான். ஒரு நாள் தாண்டிட்டான்."

வியாபாரி டார்ச்சை அணைத்தார். "தடுப்பு போடலையா?"

பாய் என் பக்கம் திரும்பாமல், "போட்டது சரியில்லை" என்றார்.

"அப்ப வேண்டாம். அடுத்தவ முட்டைய அள்ளி வாயை அடைக்கட்டும், ஒரு போன் பண்ணுங்க, பாப்போம்." பைகளை மடித்துக்கொண்டார். பார்ப்போம் என்ற சொல்லை நான் இருபது வருஷமாக மனுதாரர்களிடம் சொல்லி வந்திருக்கிறேன், அதன் எடை எனக்குத் தெரியும். மனைவி கொண்டு வந்த காபியை நின்றபடியே குடித்துவிட்டுப் போனார்.

பெருநாளுக்கு எங்களுக்குப் பிரியாணி வந்தது. பாயே ஊரிலிருந்து கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்த கையோடு தொட்டியின் முன்னால் போய் நின்றார். ஏஜண்டுக்கு மறுநாள் பதில் சொல்ல வேண்டும் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். பெண்கள் ஐந்தும் தீனிக்கு முண்டிக்கொண்டு வந்தன. ஒன்றாவது வராமல் நிற்காதா என்று மூன்று பேரும் பார்த்தோம். எல்லாம் வந்தன. இவ்வளவு பசியோடு இருக்கும் மீன்களை நான் அதற்கு முன் அப்படி வெறுத்ததில்லை.

"என்ன தம்பி பண்ணப் போறீங்க?" என்று மனைவிதான் கேட்டாள்.

"தெரியலக்கா." கண்ணாடியில் விரலை வைத்தார், நீலன் அதைக் கொத்த வந்தான். "இன்னும் ஒரு மாசம் இதுங்களப் பாத்துட்டு ஒக்காந்திருந்தா மட்டும் நிச்சயமா? நிச்சயம் இல்ல. துபாய் நிச்சயம்." விரலை எடுத்துவிட்டு, "காலையில பெருநாள் தொழுகைக்குப் போவறப்ப எம்பொண்ணு எங் கையப் புடிச்சிட்டு வந்துச்சு. தெருவுல எல்லார்கிட்டயும், இது எங்க வாப்பான்னு சொல்லிக்கிட்டே வந்துச்சு. கேக்காதவங்ககிட்டயும்" என்றார்.

பாஸ்போர்ட்டை அவர் கொடுக்கவில்லை. அதை எங்களிடம் அறிவித்தெல்லாம் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து மெடிக்கல் காலேஜ் சாலையில் ஒரு சின்ன இடம் பார்த்திருப்பதாகவும், நான் வந்து அளந்து தொட்டி எத்தனை கொள்ளும் என்று சொல்ல வேண்டும் என்றும் கேட்டார். அளந்தேன். என் தொழில் வாழ்க்கையில் இருபக்கமும் சண்டை போடாமல் நான் அளந்த ஒரே இடம் அது. இரண்டாவது பெண் வாயை அடைத்தது அதற்கும் மூன்று வாரம் கழித்துத்தான். வியாபாரி அந்த ஈட்டை எடுத்துக்கொண்டார். மாதா மாதம் என்று சொன்னது இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் என்று ஆயிற்று. ஆனாலும் ஆயிற்று. நீலமயில் குடும்பத்தைப் பாய் புதுக் கடைக்குக் கொண்டுபோனார். சந்தேகப்பட்ட குஞ்சுகளை மட்டும் என்னிடமே விட்டார்.

"இதுங்க உங்க வீட்டுப் புள்ளைங்க சார். நான் விக்க மாட்டேன்."

நான் வளர்த்தேன். மழைக்காலம் வந்து, சம்பா நட்டு, தாளடியும் நட்டு முடிந்திருந்தது. ஒருநாள் தொட்டியில் புதிதாக ஓர் அடிதடி. இரண்டு குட்டிகள் வாயோடு வாய் கவ்விக்கொண்டு சுற்றின. பிரித்துவிடக் குனிந்தபோதுதான் பார்த்தேன். இரண்டின் மூக்கிலும் சுண்டு விரல் நகம் அளவுக்கு நீலம். அடுத்த வாரம் இன்னும் நாலைந்துக்கு. சுத்தமான, அப்பன் வழி நீலம். சிவப்பின் சாயலே எதிலும் இல்லை.

பாயை வரச் சொன்னேன். வந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார். எனக்கு நாக்கு சும்மா இருக்கவில்லை.

"எல்லாம் அசல் பாய். அன்னைக்கே குடுத்திருக்கலாம்."

"தெரியுது சார்."

"ஒண்ணுல கூட கலப்பு இல்ல."

"தெரியுது சார், கண்ணு இருக்கு." முறைத்தார். பிறகு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். "உங்க சிவப்பன் அவ்வளவு மண்ண அள்ளிக் கொட்டிட்டு அந்தப் பக்கம் வந்து என்னதான் சார் பண்ணான்?"

"உங்க நீலன் தொரத்தியிருப்பான்."

"அவனா? அக்காதான் சொன்னாங்களே, பாறைக்குப் பின்னால இருந்தான்னு."

உள்ளிருந்து மனைவி, "நான் சொன்னது இவரப் பத்தி" என்றாள்.

வியாபாரிக்குப் போன் போடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். சந்தேகம் என்று ஒரு தடவை சொல்லியாயிற்று, இப்போது இல்லை என்றால் அடுத்து எதை நம்புவார் என்றார். வலையைக் கேட்டு வாங்கி, வெகுநேரம் தேர்ந்தெடுத்து, மூக்கில் நன்றாக நீலம் ஏறிய ஒன்றை மட்டும் பிடித்தார். பையில் தண்ணீர் பாதி, காற்றுப் பாதி.

"விக்கவா?"

"பொண்ணுக்கு. ரொம்ப நாளா கேக்குது" என்றார். "ரப்பர் பேண்டு இருக்கா அக்கா?"